செவலை ஏன் சினை பிடிக்கவில்லை? தீவனக் கணக்கிலிருந்து ஒரு பதில்

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு மாடு வைத்திருக்கிறார். ஒன்று செவலை, ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து, கன்று போட்டு ஐந்து மாதம். வாங்கும்போது நாளுக்கு 16 லிட்டர் கறக்கும் என்றார்களாம், இப்போது 9 லிட்டர்தான். பாலில் கொழுப்பு 4 வருகிறது, ஆனால் எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடச்சத்து) 7.8-ஐத் தாண்டவில்லை. தண்ணீர் கலக்கிறீர்களா என்று பால் ஊற்றும் இடத்தில் கேட்கிறார்கள். மூன்று சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் நிற்கவில்லை. இன்னொன்று கருப்பி, 8 மாதச் சினை, காலையில் மட்டும் 3 லிட்டர் கறக்கிறது. போன மாதம் கல்யாண வீட்டு மீதிச் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்து, டாக்டர் வந்துதான் எழுந்ததாம். செவலைக்கு நாளுக்குத் தீவனம்: 8 கிலோ வைக்கோல், 3 கிலோ மூட்டைத் தீவனம், 2 கிலோ ரேஷன் அரிசியைக் காய்ச்சிய கஞ்சி, கிடைத்தால் கொஞ்சம் புல். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "மானாவாரிச் சோளம் முழங்கால் உயரம் வந்து நிற்கிறது, மழை இல்லை, வாடுகிறது. அறுத்துப் போடலாமா?"

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். போடாதீர்கள் தம்பி. மாட்டை அந்தக் காட்டுப் பக்கம் அவிழ்த்தும் விடாதீர்கள்.

இளஞ்சோளத்தில் ஒரு பொருள் இருக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போனதும் அது சயனைடாக மாறும். பயிர் எவ்வளவு இளசோ, எவ்வளவு வாடியிருக்கிறதோ அவ்வளவு விஷம். அறுத்த பிறகு அடித்தூரிலிருந்து வரும் மறுதாம்புத் துளிர் இன்னும் மோசம். நீண்ட வறட்சிக்குப் பின் ஒரு மழை பெய்து, துளிர் பசபசவென்று வந்து நிற்கும், மாடும் ஆசையாகத் தின்னும். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும், தள்ளாடும், விழும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். கால்நடை டாக்டராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்துக்கு ஓடிப்போனேன். போய்ச் சேர்வதற்குள் மூன்று உருப்படி போய்விட்டன. வாயைத் திறந்து பார்த்தால் ஈறெல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாததால் வரும் சிவப்பு அது. மாற்று மருந்து உண்டு. சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் ஏற்ற வேண்டும். அன்றிலிருந்து அந்தப் புட்டிகள் இல்லாமல் நான் வண்டி எடுத்ததில்லை. ஆனால் மருந்து வரும் நேரத்துக்குள் மாடு உயிரோடு இருக்க வேண்டுமே.

சோளம் பூ எடுத்த பிறகு அறுத்துப் போடுங்கள், பயமில்லை. நன்றாகக் காய்ந்த சோளத்தட்டையிலும் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். மரவள்ளி இலை, கிழங்குத் தோலுக்கும் இதே எச்சரிக்கைதான், பச்சையாகப் போடக்கூடாது.

சரி, இப்போது செவலைக்கு வருவோம்.

பால் குறைவு, எஸ்.என்.எஃப். குறைவு, சினை பிடிக்காமை என்று மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள். என் கணக்கில் அது பெரும்பாலும் ஒரே குறை. நீங்கள் எழுதிய தீவனத்தையே எடுத்துக் கூட்டிப் பார்ப்போம்.

செவலை 400 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். கறவை மாடு தன் எடையில் 3 சதவீதம் அளவுக்குத் தீவனம் தின்னும், ஈரத்தைக் கழித்துவிட்டு. அதாவது சுமார் 12 கிலோ. நீங்கள் போடுவதை ஈரம் கழித்துக் கூட்டினால் கிட்டத்தட்ட பதினொன்றரை கிலோ வருகிறது. வயிறு நிறைகிறது, குறை சொல்ல முடியாது. அதனால்தான் "நன்றாகத்தான் தின்னுது, ஏன் இப்படி" என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். வைக்கோலில் 3 சதவீதம்தான் புரதம். 8 கிலோவுக்கு 220 கிராம் வரும். 3 கிலோ மூட்டைத் தீவனம், மூட்டையில் 20 சதவீதம் என்று போட்டிருந்தால் 600 கிராம். அரிசி 2 கிலோவில் 140 கிராம். மொத்தம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தேவை என்ன? மாடு உயிரோடு நின்றுகொண்டிருக்கவே ஏறக்குறைய 350 கிராம். அதற்குமேல் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 90 கிராம். நீங்கள் கொடுப்பது 7 லிட்டர் பாலுக்குத்தான் கட்டும். செவலை 9 லிட்டர் கொடுக்கிறதே, அந்த மீதி எங்கிருந்து வருகிறது? அதன் உடம்பிலிருந்து. விலா எலும்பு எத்தனை தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். கடைசி ஒன்றிரண்டு எலும்பு லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. நாலைந்து வரிசையாகத் தெரிந்தால் மாடு தன்னையே கரைத்துப் பால் கொடுக்கிறது என்று அர்த்தம். அப்படிக் கரைகிற மாட்டுக்குச் சினைப்பை சரியாக வேலை செய்யாது. ஊசி போட்டவர்மேல் பழி போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

16 லிட்டர் கனவை மட்டும் விட்டுவிடுங்கள். கன்று போட்ட ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் மாடு உச்சம் தொடும். அதன் பிறகு மாதாமாதம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இந்த ஈத்தில் 11, 12 லிட்டருக்குத் திரும்பினால் அதுவே நல்ல வெற்றி. அந்த 12 லிட்டருக்குத்தான் நான் இனிச் சொல்லும் கணக்கு.

முதலில் அரிசிக் கஞ்சியை நிறுத்த வேண்டும். இது கொஞ்சம் கசக்கும், ரேஷன் அரிசி சும்மா கிடைக்கிறதே என்று இருக்கும். ஆனால் மாட்டின் வயிறு நம் வயிறு மாதிரி இல்லை. முதல் இரைப்பை ஒரு பெரிய தொட்டி. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்து மாட்டுக்குச் சாப்பாடு தயாரிக்கின்றன. நாம் தீனி போடுவது உண்மையில் அந்த நுண்ணுயிர்களுக்குத்தான். சோறும் கஞ்சியும் உள்ளே போனால் மளமளவென்று புளித்து அமிலமாகும். அமிலம் கூடினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகும், பிறகு வைக்கோல் தின்றும் பயன் இல்லை. கல்யாணச் சோற்றில் கருப்பி படுத்ததும் இதனால்தான். அன்றைக்கு ஒரேயடியாக நடந்தது, செவலைக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

பொங்கல் முடிந்த மறுநாளும் முகூர்த்த நாட்களுக்கு அடுத்த நாளும் எங்களுக்கு இந்த அழைப்புதான் வரிசையாக வரும். சோறு தின்றதைப் பார்த்தால், மாடு நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு அசைபோடுவது நிற்கும், பல்லை நறநறவெனக் கடிக்கும், புளித்த வாடையோடு கழியும், படுத்துவிடும். தின்றது தெரிந்தவுடனே மீதியை அகற்றிவிட்டு, நின்றுகொண்டிருக்கும் மாடு என்றால் 100 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு எதையும் புகட்டாதீர்கள். நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையை அண்ணாந்து தூக்கி ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குத்தான் போகும். வயிற்று நோயில் பிழைத்து, புகட்டிய எண்ணெயால் செத்த மாடுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கஞ்சியை ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். எந்தத் தீவன மாற்றமானாலும் 10 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் குறைத்து, அதற்கு ஈடாக மூட்டைத் தீவனத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீனிக்குப் பழக அத்தனை நாள் வேண்டும். இன்றைக்கு எது மலிவோ அதை வாங்கிப் போடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு, இந்த வாரம் எள்ளுப் புண்ணாக்கு, அடுத்த வாரம் பருத்திக்கொட்டை என்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாலில் விலை கொடுக்கிறோம், கணக்கில்தான் தெரிவதில்லை.

பழக்கி முடித்த பின் செவலைக்கு ஒரு நாளைக்கு இப்படி வரட்டும்: அடர்தீவனம் (மூட்டைத் தீவனமோ வீட்டில் அரைத்ததோ) 5 கிலோ, வைக்கோல் 4 கிலோ, கம்பு நேப்பியர் புல் 15 கிலோ, பயறுவகைத் தீவனமான வேலிமசாலோ அகத்தியோ 5 கிலோ. புரதத்தைக் கூட்டினால் ஒன்றரைக் கிலோவுக்குமேல் வருகிறது, 12 லிட்டருக்குத் தாராளம். ஈரம் கழித்தால் 12 கிலோ, வயிற்றுக்கும் அளவு சரி. பொதுக்கணக்கு வேண்டுமென்றால், உடம்பைத் தாங்க ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்குமேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. அப்படிப் பார்த்தால் ஆறு கிலோவுக்குமேல் வரும். ஆனால் நல்ல பசுந்தீவனம், அதிலும் பயறுவகை, இருந்தால் ஒன்றேகால் கிலோ வரை குறைத்துக்கொள்ளலாம். அதுதான் உங்களுக்கு மிச்சமாகும் காசு. இந்த 5 கிலோவையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். கொஞ்சம் நாரைத் தின்ன வைத்துவிட்டுப் பிறகு அடர்தீவனம் வையுங்கள்.

அடர்தீவனத்தை வீட்டிலேயே அரைக்க நினைத்தால் 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 37, புண்ணாக்கு 30, தவிடு 30, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. கடலைப் புண்ணாக்கைப் பூசணம் பார்த்து வாங்குங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற விஷம் இருக்கும். மாட்டின் ஈரலையும் கெடுக்கும், பாலிலும் இறங்கும். வெயிலில் காயவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகாது.

புல் எங்கே என்று கேட்பீர்கள். 10 சென்ட்டில் கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் கரணை (தண்டுத் துண்டு) நட்டுவிடுங்கள், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்கள் இவை. 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒரு அறுப்பு. ஏட்டுக் கணக்கில் 10 சென்ட்டிலிருந்து நாளுக்கு 40 கிலோ வரும். நம் தண்ணீருக்குப் பாதி வந்தால்கூட ஒரு மாட்டுக்குப் போதும், இரண்டுக்கும் என்றால் 15 சென்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு 10 சென்ட்டில் வேலிமசால். விதைத்து 90 நாளில் முதல் அறுப்பு. வேலியோரம் அகத்தி, கிளைரிசிடியா. கம்பு நேப்பியரை மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. வளர்ச்சி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் ஆக்சலேட் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். வைக்கோலிலும் அதே குறை. ஆகவே பயறுவகைத் தீவனமும் தாது உப்பும் கூடவே இருந்தாக வேண்டும். புல்லை இரண்டு அங்குல அளவுக்கு நறுக்கிப் போடுங்கள். நறுக்காமல் போட்டால் மென்மையான இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் போட்டு மிதிக்கும்.

புல் வரும்வரை மூன்று மாதத்துக்கு என்ன செய்வது? ஆள் இருந்தால் யூரியா வைக்கோல் செய்து பாருங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடிவிட வேண்டும். பிறகு தினமும் வேண்டியதை எடுத்துச் சில மணி நேரம் ஆறவிட்டுப் போடலாம். நெடி பழகாமல் முதல் நாள் முகம் திருப்பும், சாதா வைக்கோலோடு கலந்து பழக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குப் போடக்கூடாது. யூரியாவைத் தண்ணீரில் கரைத்து நேரடியாகத் தொட்டியில் ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், மாடு செத்துப்போகும்.

தாது உப்பு நாளுக்கு 50 கிராம். மாதம் ஒன்றரைக் கிலோ. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டு மண்ணுக்கு ஏற்ற கலவை தயாரித்து விற்கிறது, அவர்களுடைய பயிற்சி மையங்களில் கேட்டு வாங்குங்கள். கன்று போட்ட பத்து நாள் மட்டும் டானிக் வாங்கி ஊற்றிவிட்டு, மீதி 290 நாள் ஒன்றும் கொடுக்காமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மலிவு.

தண்ணீர் பற்றி ஒரே ஒரு சண்டை. கழனித் தொட்டியில் முந்தாநாள் கழுநீர், நேற்று வடித்த கஞ்சி, இன்றைக்குத் தண்ணீர் என்று கலந்து வைத்துக் காலையும் மாலையும் காட்டுகிறோம். புளித்த அந்தத் தண்ணீரை மாடு குடிக்கிறதே என்பார்கள். வேறு இல்லாததால் குடிக்கிறது. கறவை மாட்டுக்கு 60 முதல் 80 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும், கோடையில் இன்னும் கூடும். எந்த நேரமும் எட்டுகிற மாதிரி ஒரு தொட்டி நிழலில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை சுண்ணாம்பு அடியுங்கள். பாலில் எண்பத்தைந்து பங்குக்குமேல் தண்ணீர்தான். ஒன்றும் மாற்றாமல் தண்ணீரை மட்டும் இப்படி வைத்ததில் அரை லிட்டர், ஒரு லிட்டர் கூடியதை என் சொந்தக் கட்டுத்தறியிலேயே பார்த்திருக்கிறேன்.

இப்போது எஸ்.என்.எஃப். கொழுப்பு 4 இருக்கிறதே, அது வைக்கோலின் தயவு. நார் செரித்தால்தான் கொழுப்பு வரும். எஸ்.என்.எஃப். என்பது புரதம், பால் சர்க்கரை, தாதுக்கள் எல்லாம் சேர்ந்தது, சக்தியும் புரதமும் குறைந்தால் அது விழும். மேலே சொன்ன தீவனத்துக்கு மாறினால் மூன்று நான்கு வாரத்தில் ஏறத் தொடங்க வேண்டும். ஏறவில்லை என்றால் நான் சந்தேகப்படுவது மடியை. வெளியே வீக்கமும் சூடும் காட்டாமல் உள்ளுக்குள் இருக்கும் மடிநோய் உண்டு. பால் சர்க்கரை குறையும், உப்பு ஏறும், எஸ்.என்.எஃப். சரியும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூளைக் கரையுங்கள். நான்கு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் பீய்ச்சி, அதே அளவு கரைசலை ஊற்றிச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோய் உள்ள காம்பின் பால் கொழகொழவென்று திரளும். அப்படித் திரண்டால் டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் மீந்த ட்யூபை வாங்கி ஏற்றாதீர்கள். ஆன்டிபயாடிக் போட்டால் மருந்தில் சொல்லியிருக்கும் நாள்வரை அந்தப் பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒரு காம்பில்தானே ஏற்றினோம் என்று மற்ற மூன்றைக் கறந்து ஊற்றுவதும் தவறுதான், மருந்து இரத்தத்தின் வழியாக அங்கேயும் போகும்.

மடிநோய்க்கு நம்மூர் வைத்தியமும் உண்டு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துச் செந்நிறக் குழம்பாக்கி, மடியைக் கழுவித் துடைத்து, நாளைக்கு எட்டுப் பத்து முறை ஐந்து நாள் பூசுவது. பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூரில் இருந்தபோது இதை முறைப்படுத்திப் பரப்பினார். தேசியப் பால்வள வாரியமும் இதை எடுத்துக்கொண்டது. ஆரம்ப நிலையில் நன்றாகவே கேட்கிறது. மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றால் மட்டும் இதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

வராமல் தடுக்க இரண்டே வேலை போதும். கட்டைவிரலை மடக்கிக் காம்பை நெரித்துக் கறக்காமல் முழுக்கையால் கறப்பது ஒன்று. கறந்து முடித்ததும் காம்பைப் பொவிடோன் அயோடின் கரைசலில் முக்கிவிட்டுத் தீவனம் போடுவது இன்னொன்று. கறந்தபின் காம்புத்துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். தின்றுகொண்டிருந்தால் மாடு நிற்கும். தொட்டி காலியாக இருந்தால் சாணத்திலேயே படுக்கும், கிருமி நேராக உள்ளே போகும்.

சினை விஷயத்துக்கு வருகிறேன். மாட்டைப் பார்ப்பது காலை எட்டு மணிக்குக் கறவை முடிந்து அல்ல. விடியற்காலை ஐந்து மணிக்கும் இரவு படுக்கப் போகுமுன்னும் கட்டுத்தறியில் பத்து நிமிடம் நில்லுங்கள். நம் வெயிலில் கலப்பின மாடு பருவத்தை இரவில்தான் அதிகம் காட்டும். வழும்பு (பருவத்தில் பின்புறம் ஒழுகும் சளி) கண்ணாடி போலத் தெளிவாக, அறுந்து விழாமல் தொங்க வேண்டும். காலையில் பார்த்தால் அன்று மாலை ஊசி, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை. வழும்பு கலங்கி, தயிர்த்துளி மாதிரி வெள்ளை கலந்து வந்தால் அன்றைக்கு ஊசி வேண்டாம், கருப்பைக்கு மருந்துதான் வேண்டும்.

சில மாடு கத்தாது, வழும்பும் காட்டாது. திடீரென ஒரு நாள் வாலில் இரத்தக்கறை இருக்கும். பயப்படாதீர்கள், ஒன்றிரண்டு நாளுக்கு முன் பருவம் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு 18-வது நாளிலிருந்து கண் வையுங்கள். உங்கள் மூன்று ஊசியின் தேதியும் இருந்தால் எழுதுங்கள். சரியாக 21 நாளுக்கு ஒருமுறை திரும்பி வந்ததா, 30, 40 நாள் கழித்து வந்ததா என்பது வேறு வேறு கதை. தாமதமாக வந்திருந்தால் சினை பிடித்துக் கரைந்திருக்கலாம். அடுத்த ஊசியை, விலா எலும்பு கொஞ்சம் மறையத் தொடங்கிய பிறகு போடுங்கள், ஒரு பருவம் போனாலும் போகட்டும். ஊசி போட்ட 60 முதல் 90 நாளுக்குள் டாக்டர் கையை உள்ளே விட்டுச் சினை பார்த்துவிட வேண்டும். திரும்பக் கத்தவில்லை, அதனால் சினைதான் என்று ஏழு மாதம் காத்திருந்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

கருப்பிக்கு இன்னும் 40 நாள்தான் இருக்கிறது. சினைக்காலம் 280 நாள் என்ற கணக்கு. இந்த 3 லிட்டரை இன்றோடு மறந்துவிடுங்கள். கன்று போடுவதற்கு முன் 60 நாளாவது மடிக்கு ஓய்வு வேண்டும், நீங்கள் ஏற்கெனவே 20 நாள் கடந்துவிட்டீர்கள். நாலைந்து நாளைக்கு அடர்தீவனத்தைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கறந்து, பிறகு அடியோடு நிறுத்துங்கள். கடைசிக் கறவை முடிந்ததும் நான்கு காம்பிலும் வற்றுகால மருந்து (கறவை நிற்கும் காலத்தில் மடிநோயைத் தடுப்பது) ஏற்ற டாக்டரைக் கேளுங்கள். பால் நின்றபின் அடர்தீவனத்தைப் படிப்படியாக இரண்டரை, மூன்று கிலோவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் இந்தக் காலத்தில் கால்சியம் டானிக்கைப் புட்டி புட்டியாக ஊற்றாதீர்கள். வெளியிலிருந்து தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் பழக்கத்தை உடம்பு மறந்துவிடும். கன்று போட்டதும் பால் திடீரெனச் சுரக்கும்போது இரத்தத்தில் கால்சியம் சரிந்து மாடு படுத்துவிடும்.

அதற்குப் பெயர் பால் காய்ச்சல். பெயர் வைத்தவர் யாரோ, காய்ச்சலே இருக்காது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும், கழுத்தை வயிற்றுப் பக்கம் மடக்கிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும். கன்று போட்ட மூன்று நாளுக்குள், அதிலும் மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட நல்ல கறவைகளுக்குத்தான் அதிகம் வரும். நரம்பில் கால்சியம் மெதுவாக ஏற்றினால் கண்ணெதிரே எழுந்து நிற்கும், எங்கள் தொழிலில் மரியாதை கிடைக்கிற ஒரே வைத்தியம் அது. அவசரமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அதனால் தெரிந்தவர் கையால்தான் ஏற்ற வேண்டும்.

கன்று விழுந்ததும் சீம்பால். இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழுந்த பிறகுதான் கன்றை ஊட்டவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், இந்த ஒன்றில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கன்று குடித்தாக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரம்தான் முழுதாக உறிஞ்சும், ஒருநாள் போனால் கதவு மூடிவிடும். கன்று முட்டிக் குடித்தால் கொடி விழவும் அது உதவும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர். அதற்குமேல் மிச்சம் இருந்தால் வீட்டில் தாராளமாகச் சீம்பால் அவித்துச் சாப்பிடுங்கள்.

கொடி 12 மணி நேரத்துக்குள் விழாவிட்டால் டாக்டருக்குச் சொல்லுங்கள். அதில் கல்லோ பழைய செருப்போ கட்டித் தொங்கவிடாதீர்கள். அறுந்து பாதி உள்ளே நின்று அழுகும், அடுத்த சினைக்கு அங்கேயே முட்டுக்கட்டை விழுகிறது. விழுந்த கொடியை ஆலமரத்தில் கட்டுவது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் கட்டிக்கொள்ளுங்கள், நாய்க்கும் மாட்டுக்கும் எட்டாமல் இருந்தால் சரி.

கன்றின் தொப்புளுக்கு டிஞ்சர் அயோடின். பத்துப் பதினைந்து நாளில் முதல் குடற்புழு மருந்து, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. சினை மாட்டுக்குக் குடற்புழு மருந்தை மட்டும் கேட்காமல் கொடுக்காதீர்கள், சில மருந்து இளஞ்சினையைக் கெடுக்கும்.

தடுப்பூசி பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை, அதுதான் உறுத்துகிறது. கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அரசாங்கமே வீடு தேடி வந்து இலவசமாகப் போடுகிறது. ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் பால் குறையும் என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோமாரி வந்தால் குறைவது அந்த ஈத்துப் பால் முழுவதும். கலப்பின மாட்டுக்குப் பிறகு எப்போதும் மூச்சிரைப்பு நிற்காது, வெயில் தாங்காது. 2022-ல் தோல் கழலை நோய் வடமாநிலங்களில் எத்தனை மாடுகளைக் கொண்டுபோனது என்று நினைவிருக்கும், அதற்கும் ஊசி இருக்கிறது. கருப்பி கன்று போடும் நாள் நெருங்கிவிட்டதால் அதற்கு எப்போது போடலாம் என்பதை உங்கள் மருந்தக டாக்டரே சொல்லட்டும். அவசரம் என்றால் 1962-க்கு அடியுங்கள், அது நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் எண்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: சோளக்காட்டுப் படலை இழுத்துக் கட்டுங்கள். அப்புறம் ஒரு தராசு வாங்குங்கள். நீங்கள் எழுதிய 3 கிலோவும் 8 கிலோவும் முறத்தாலும் கையாலும் அளந்தது என்றுதான் நினைக்கிறேன். ஒரு முறம் தவிடும் ஒரு முறம் புண்ணாக்கும் ஒரே எடை இல்லை. ஒரு வாரம் நிறுத்துப் போட்டுவிட்டு, செவலையின் பால், எஸ்.என்.எஃப்., ஊசித் தேதிகள், விலா எலும்பு எத்தனை தெரிகிறது, படுத்திருக்கும்போது ஒரு கவளத்தை எத்தனை முறை மெல்லுகிறது என்று எழுதி அனுப்புங்கள். ஐம்பது அறுபது முறை மென்றால் வயிறு சரியாக இருக்கிறது. நாற்பதுக்குக் கீழே என்றால் கஞ்சியை இன்னும் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.